துடைத்தும் போகாத சிவப்பு

— இரு, இரு, வாயை மூடாதடி. டாக்டர் வர்றதுக்குள்ள நீ எந்த வியாதியைப் பூசிட்டு வந்திருக்கேன்னு நான் கண்டுபிடிக்கணும்.

— மெதுவாப் பாரு. நாற்காலியைச் சாய்ச்சதும் மிதக்கற மாதிரி இருக்கு. அந்த லைட்டு தண்ணிக்கு மேல எங்கேயோ எரியுது.

— பல் டாக்டருக்குப் படிக்கறவ சாயங்கால வகுப்புக்குத் தூங்கத்தான் வர்றியா? போன வாரம் நோயாளி வேஷம் எனக்கு, இந்த வாரம் உனக்கு. ஈறுல சாயம் பூசிட்டு வந்தேன், பாத்ததும் சொல்லிட்டே. எனக்குத்தான் எப்பவும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது. வரிசையாப் போறேன்.

— போ, போ. எனக்கு எழுந்திரிக்கவே மனசில்லை.

— ஈறு வீங்கிப் பல்லு மேல ஏறியிருக்கு. மெழுகு ஒட்டினியா? அசலாட்டமே இருக்குடி! அண்ணத்துல பொடிப்பொடியாச் சிவப்புப் புள்ளி. உதடு வெளுத்திருக்கு. அது பவுடர்.

— ம்ம்... சொல்லிக்கிட்டே இரு. தாலாட்டு மாதிரி இருக்கு.

— பல்லுல அழுக்கே இல்லை, ஆனா இவ்வளவு வீக்கம், வெளுப்பு, புள்ளி. ரத்தப் புற்றுநோயா இருக்கலாம். பல்லைச் சுரண்டிச் சுத்தம் பண்ணக் கூடாது, பிடுங்கக் கூடாது, முதல்ல ரத்தம் பாக்கணும். சரியா? இரு, சாயத்தைத் துடைச்சு விடறேன்... என்னடி, துடைக்கத் துடைக்க வருது?

— எது?

— நீ பூசின சிவப்பு.

— அம்மாடி, நான் இன்னும் எதுவுமே பூசலையே. பஸ்லயே தூங்கிட்டேன், நேரா வந்து படுத்துட்டேன்.

— விளையாடாத.

— சத்தியமாடி.

— டாக்டர்! கொஞ்சம் இங்க வாங்களேன். நான் தப்பாத்தான் பாத்திருப்பேன், இருந்தாலும் வாங்க.

— எங்க, நல்லா திறம்மா. எத்தனை நாளா இப்படிக் களைப்பு?

— ஒரு மாசம் இருக்கும் டாக்டர். காய்ச்சலும் வரும், போகும். எல்லாம் கடைசிப் பல்லாலதான்னு நினைச்சேன். நாளைக்கு உங்ககிட்டயே பிடுங்கிக்க நேரம் வாங்கியிருக்கேன்.

— முழங்கைல என்ன நீலம்?

— எங்கேயோ இடிச்சிருப்பேன்.

— டாக்டர், நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க.

— நீ எங்கயாவது தப்பு பண்ணியிருக்க மாட்டியான்னுதாம்மா நானும் தேடறேன். பல்லு எடுக்க வேண்டாம். நாளைக்குக் காலைல முதல் வேலையா ரெண்டு பேருமா ரத்தப் பரிசோதனைக்குப் போங்க.