ஒன்பதாம் பக்கத்துச் சொல்

இல்லை அண்ணை, நான் ஒண்டும் விக்க வரேல்லை. சைக்கிளைப் படலைக்கு வெளியிலையே விடுறன். உங்கடை மகள் நாகேஸ்வரி, கனகலிங்கம் மாஸ்ரரிட்டை இங்கிலீசு படிக்கிறாவெல்லோ? அந்த நோட்ஸை ஒருக்காக் காட்டுறியளோ?

ஓம், உதுதான். உதின்ரை சீத்துவத்தைப் பாருங்கோ. பழைய கொப்பித் தாளின்ரை பின்பக்கத்திலை கையாலை எழுதி றோணியோ மெசினிலை அடிச்சிருக்கு. அதைக் குறை சொல்லேலாது, இந்தச் சண்டைக்குள்ளை பேப்பர் எங்கை வருது? உள்ளுக்கை கிடக்கிற சரக்கைத்தான் சொல்லுறன். ரீ, ஏ, ஐ, என் எண்டு முடியிற சொல்லெல்லாத்தையும் ஒரே கட்டையிலை கட்டி வைச்சிருக்கு. அந்த நாலு எழுத்துக்கும் பிடிக்கிறது எண்டு கருத்தாம். அது தெரிஞ்சால் அகராதியே தேவையில்லையாம். டிற்றெயின் எண்டால் பிடிச்சு வைக்கிறது. சரி. கொன்ரெயின் எண்டால் உள்ளுக்கை பிடிக்கிறது. அதுவும் போகட்டும். மவுன்ரினும் உப்பிடித்தான் முடியுது. மலை எதைப் பிடிச்சு வைச்சிருக்காம்?

சிரியாதேங்கோ அண்ணை. முப்பது பிள்ளையள் உதைப் பாடமாக்கிக்கொண்டு திரியுதுகள்.

மாஸ்ரர் நல்ல மனிசன்தான், ஆர் இல்லையெண்டது? இங்கிலீசுதான் வராது. போன கிழமை ஒருத்தன் போய், ஒன்பதாம் பக்கத்திலை ஒரு கருத்துப் பிழை எண்டு சொல்லியிருக்கிறான். திருப்பி எழுதி அடிக்க வேறை ஸ்ரென்சில் தாள் இல்லை, கிடக்கட்டும், ஆருக்கு விளங்கப்போகுது எண்டிட்டாராம்.

சீச்சீ, நான் போட்டி ரியூசன்காரன் இல்லை. முந்தின வீட்டிலையும் உதைத்தான் கேட்டவை. கேட்டுப்போட்டு நாயை அவிட்டு விட்டிச்சினம்.

இஞ்சை பாருங்கோ, அப்ஸ்ரெயின். விடாமல் பிடித்துக்கொள்ளுதல் எண்டு கிடக்கு. உண்மையிலை அது வேண்டாமெண்டு விலகி நிக்கிறது. நேர் எதிர். மாஸ்ரருக்கு உதை எழுதிக் குடுத்தது கம்பசிலை பட்டம் எடுத்த ஆள், அண்ணை. அவன்ரை பரம்பரையிலையே முதல் பட்டதாரி. ஊர் கூடி மாலை போட்டது. ஒரு சொல்லுக்குக் கருத்துத் தெரியாது எண்டு சொல்ல அந்தத் துரைக்கு வாய் வரேல்லை. அகராதி தெல்லிப்பழை வீட்டிலை, இடம்பெயரேக்கை விட்டிட்டு வந்தாச்சு எண்டு ஒரு சாட்டு. மற்றச் சொல்லுகளைப் பாத்து, இதுகும் இப்பிடித்தான் இருக்கும் எண்டு குத்துமதிப்பிலை எழுதிப்போட்டான். பிறகு பங்குச் சுவாமியின்ரை அகராதியைப் புரட்டின அண்டைக்குத்தான் துரைக்கு வேர்த்தது. பட்டமாம், பட்டம்.

செவ்வாய்க்கிழமை சோதினை. பிள்ளை நம்பி உதைத்தான் எழுதுவா.

பேனை என்னட்டை இருக்கு. உந்த வரியை வெட்டிப்போட்டு மேலை சரியாய் எழுதிவிடுறன். அவ்வளவுதான். இந்தாங்கோ.

என்ன அப்பிடி உத்துப் பாக்கிறியள்? ஓம், ரெண்டு எழுத்தும் ஒண்டு போலத்தான் இருக்கும். அந்த ஸ்ரென்சிலும் நான்தான் எழுதி வெட்டினது.

தண்ணி வேண்டாம் அண்ணை, வாறன். இன்னும் பதினொரு வீடு கிடக்கு.