நாலாவது பேரு

ஹஸ்மியா: ஒரு வருஷமாவா? ஒரு ரூபியாகூடத் தொடலையா?

அர்டின்: தொடலக்கா. பேங்க்லயே கிடக்கு.

ஹஸ்மியா: அடப்பாவி! உங்க முகாம்ல அவனவன் நிவாரணப் பணம் வந்த மறுநாளே பைக் வாங்கிட்டான். நீ என்னடான்னா கிழிஞ்ச சட்டையோட பள்ளிவாசல்ல ஏழைவரி ஜகாத் வசூலிக்கிற எங்கிட்ட கட்ட வந்திருக்க. நான் வாங்க வந்தவன்னுல்ல நெனச்சேன்!

அர்டின்: கட்ட வரல... கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். கவர்மெண்ட் சும்மா குடுத்த பணத்துக்கெல்லாம் ஜகாத் உண்டா?

ஹஸ்மியா: யார் குடுத்தா என்ன? உன் கைக்கு வந்தா உன் சொத்து. எம்பத்தஞ்சு கிராம் தங்கத்தோட விலைக்குக் குறையாம ஒரு வருஷம் இருந்தா கடமைதான். இப்ப அது அஞ்சே முக்கால் கோடி ரூபியா. உன்னுது எவ்வளவு?

அர்டின்: ஆறு.

ஹஸ்மியா: ஆறு கோடியா? வீட்டுக்கு அவ்வளவா குடுத்தாங்க?

அர்டின்: வீட்டுக்கு இல்லக்கா... ஆளுக்கு. ஒரு மௌத்துக்கு, ஒரு சாவுக்கு ஒண்ணரைக் கோடி.

ஹஸ்மியா: யா அல்லாஹ்... அப்ப நாலு பேரா?

அர்டின்: பூமி குலுங்கினப்ப நான் லாரியில மக்காசர் போயிருந்தேன். திரும்பி வந்தா ஊரு இருந்த இடத்துல வெறும் சகதி.

ஹஸ்மியா: மன்னிச்சுக்க தம்பி. என் வாய் இருக்கே... பதினஞ்சு லட்சம் வருது. அவசரமில்ல. பெருநாளுக்குள்ள கட்டு.

அர்டின்: அக்கா... மூணு பேருன்னா?

ஹஸ்மியா: மூணுன்னா நாலரைக் கோடி. அளவுக்குக் கீழ. ஒண்ணும் வராது. ஏன், பதினஞ்சு லட்சத்துக்குப் பயந்து ஆளைக் குறைக்கிறியா?

அர்டின்: சேச்சே, பணத்துக்காக இல்லக்கா. அடுத்தவங்க பணத்தைப் பத்திரமா வச்சிருந்தா, அதுக்கு நாம கட்ட வேண்டாம்ல?

ஹஸ்மியா: அமானிதமா? வேண்டாம். யாரோடது?

அர்டின்: ஸஹிராவோடது. சின்னவ... ஆறு வயசு. என் பொண்டாட்டி மஸ்னியும் பசங்க ரெண்டு பேரும் கிடைச்சாங்க. புதைச்ச எடத்துல மூணு கபுரு இருக்கு. இவ மட்டும் கிடைக்கல. நாலு பேருக்கும் ஒரே தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. அவ வந்துட்டா கவர்மெண்டுக்குத் திருப்பிக் கட்டணும்ல? அதான் தொடல.

ஹஸ்மியா: ம்... நோன்பு தொறக்க வீட்ல யாரு இருக்கா?

அர்டின்: டீவி இருக்கு. பாங்கு அதுல கேப்பேன். ரெண்டு தட்டு வைப்பேன்... பக்கத்துக் குடிலுக்காரங்க சிரிக்கிறாங்க.

ஹஸ்மியா: சிரிக்கட்டும், அவங்களுக்கென்ன தெரியும்... தம்பி, போன வாரம் ரோட்டுக்குத் தோண்டினப்ப ஒரு பொம்பளப் புள்ளையோட உடம்பு கிடைச்சுதே. முகாம்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்களாமே?

அர்டின்: போனேன். எங்க புள்ள இல்லன்னு சொல்லிட்டேன்.

ஹஸ்மியா: அப்படியா... வேற யாரும் கேட்டு வரல. பள்ளிவாசல்லயே அடக்கிட்டோம். கபுருப் பலகைல எழுத ஒரு பேருகூட இல்ல. ஜனாஸா தொழுகைக்கு அஞ்சே பேருதான்.

அர்டின்: தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்னேன்.

ஹஸ்மியா: நீயா? ஏன் உள்ள வரல?

அர்டின்: மூணு பேருன்னே போட்டுக்கங்கக்கா.

ஹஸ்மியா: சரி விடு. அமானிதம்னா அமானிதம்தான். மூணு பேர் கணக்கு. ஜகாத் இல்ல. பாங்கு சொல்லப் போறாங்க, கிளம்பு... இன்னும் ஏன் உக்காந்திருக்க?

அர்டின்: நீங்க ஜகாத் இல்லன்னு சொல்லிட்டா நிம்மதியாப் போயிடலாம்னு வந்தேன்... முடியலக்கா. அந்தப் புள்ள சட்டைக்குப் பொத்தான் தைச்சது நான்தான். பச்சை நூல் கிடைக்காம கறுப்பு நூல்ல தைச்சேன்... நாலு பேருக்கே போடுங்க. பலகைல ‘ஸஹிரா, அர்டின் மகள்’னு எழுதச் சொல்லுங்க.