உப்பு கேட்ட லத்தீப் பாய்

எனக்கு முன்னால் பேசி, எல்லாரையும் அழவைத்துவிட்டு மேடையில் அமர்ந்திருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே! பங்குச் சாமியார் அவர்களே! உப்பளத்திலிருந்து காலைக்கூடக் கழுவாமல் நேராக வந்து நிற்கும் என் தோழர்களே! கூனிமேட்டுத் தாய்மார்களே! கணவர் லத்தீப் பாயை இழந்து, இத்தா என்று வீட்டோடு துக்கம் காப்பதால் இங்கே வரமுடியாமல், வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் குழாய் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஜெயினம்பு அக்கா அவர்களே! எல்லாருக்கும் சலாம், வணக்கம், தோத்திரம். எது யாருக்குப் பொருந்துதோ எடுத்துக்குங்க.

நான் பச்சமுத்து. மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிற மேஸ்திரி. படிப்பு எட்டாவது. அதிலும் ஏழாவது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் ரெண்டு வருஷம் படித்தேன். இந்தப் பேச்சைத் திருத்திக் கொடுத்தது என் மகள் கீதாஞ்சலி. "அப்பா, இது இரங்கல் கூட்டம். ஜோக்கடிச்சு என் மானத்த வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அதோ, முன்வரிசையில் உட்கார்ந்து முறைக்கிறாள். நான் என்னம்மா பண்றது? பேசப்போறது லத்தீப் பாயைப் பற்றி! அவரைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டே பேசினால், அவரே எழுந்து வந்து, "ஏம்பா பச்சமுத்து, யாருப்பா செத்துட்டா?" என்று கேட்பாரே!

யார் இந்த அப்துல் லத்தீப்? மளிகைக் கடைக்காரரா? ஆமாம். துபாயில் பாதி ஆயுசை ஓட்டிவிட்டு வந்தவரா? ஆமாம். அது மட்டும்தானா? உப்பு வாருகிறவனையும், வலை இழுக்கிறவனையும், ஆட்டோ ஓட்டுகிறவனையும் பிடித்து வந்து, மூஞ்சியில் பவுடர் அடித்து மேடையேற்றி, "நீயும் நடிகன்தாண்டா" என்று சொன்னாரே, அவர்தான் லத்தீப் பாய்! எங்கள் நாடகக் குழு கொடுத்த பட்டத்தோடு சொல்கிறேன், அவர்தான் சிரிப்பு நவாப்!

அவர் எழுதிய நாடகம் 'உப்பில்லா இல்லம்'. அது எப்படிப் பிறந்தது தெரியுமா? ஈ.சி.ஆர். ஓரத்து முதியோர் இல்லத்துக்குப் பாய் கடையிலிருந்துதான் மளிகை போகும். ஒருநாள் மூட்டையை இறக்கப் போனவரை, படுத்த படுக்கையாக இருக்கிற குப்பம்மாள் கூப்பிட்டார். காலமெல்லாம் உப்பு வாரிய மனுஷி. "பாய், யாருக்கும் தெரியாம ஒரு கல்லு உப்பு குடேன். நாக்குல வெச்சுக்கறேன்" என்றாராம். அங்கே ரெண்டு மூணு பேருக்கு பிபி. அதனால் எல்லாருக்குமே சோற்றில் உப்பை நிறுத்திவிட்டார்கள். "பாத்திக்குள்ள நிக்கும்போது கால் வெடிப்புல உப்பு பூந்து எரிஞ்சுது பாய். வேணாம் வேணாம்னாலும் விடல. இப்ப வேணும்னு கேக்கறேன், கிடைக்க மாட்டேங்குது" என்று குப்பம்மாள் சிரித்தாராம். பாயும் சிரித்தார். கடைக்குத் திரும்பி வருவதற்குள் நாடகம் தயார்!

என்ன கதை? முதியோர் இல்லத்துக் கிழடுகள் எல்லாம் சேர்ந்து உப்பு கேட்டுக் கலகம் பண்ணுகிறார்கள். உண்ணாவிரதம் இருக்கிறார்கள். எப்போது? சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம்! கலகத் தலைவர் லத்தீப் பாய். அவரை அடக்குகிற வார்டன் நான். "எனக்கு ஏன் பாய் வில்லன் வேஷம்?" என்று கேட்டேன். "உன் மூஞ்சிக்கு மேக்கப் செலவு இல்லப்பா" என்றார்.

மரக்காணத்தில் முதல் நாடகம். என் முதல் வசனம், "இனிமே இந்த இல்லத்துல உப்பு கிடையாது!" இதை கீதாஞ்சலி எனக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள். மேடை ஏறினேன். லைட் கண்ணைக் குத்துது. எதிரே பூரா நம்ம உப்பளத்து ஜனம். பழக்க தோஷம், வாய் என்ன சொல்லிச்சு? "இனிமே உப்பு லோடு கிடையாது!"

மேஸ்திரி சொன்னால் சும்மா இருப்பார்களா? பின்வரிசையே எழுந்தது. "ஏன் மேஸ்திரி, லாரி வரலையா?" "அப்ப நாளைக்கு வேல இல்லியா?" நான் வார்டன் தொப்பியோடு நின்று, "வேல இருக்குதுப்பா, காலையில வந்துடுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நாடகம் அத்தோடு படுத்திருக்க வேண்டாமா? லத்தீப் பாய் தடியை ஊன்றிக்கொண்டு என் எதிரே வந்தார். "லோடெல்லாம் நீயே வெச்சுக்க சார். எனக்கு ஒரு சிட்டிகை குடு!" அடேயப்பா! பந்தல் அதிர்ந்ததே!

அடுத்து நான் கோபமாய்க் கேட்கணும், "உங்களுக்கெல்லாம் கொஞ்சமாச்சும் ரோஷம் இருக்குதா?" கேட்டேன். சரியாகவே கேட்டேன்! பாய் ஜனத்தைப் பார்த்துத் திரும்பினார். "ரோஷம் எப்படி சார் வரும்? சோத்துல உப்பே போடலியே!"

எங்க ஜனம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! உப்பளத்தில் நின்று நின்று வறண்ட முகங்கள் ஐயா அவை! அப்படிச் சிரிக்க வைக்க இனி யார் இருக்கிறார்?

அந்த இல்லத்திலிருந்து நடக்க முடிந்தவர்களும் வேனில் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போனார்களா? மறுநாள் மதியம் அத்தனை பேரும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்! இல்லத்து மேனேஜர் பிரபாகரன் சார், இதோ ரெண்டாவது வரிசையில் இருக்கிறாரே, அவர் பாய் கடைக்கு ஓடிவந்தார். "நாடகம்னு சொல்லி என் ஆளுங்களுக்கு டிரெய்னிங் குடுத்துட்டீங்களே பாய்!" பாய் சண்டை போட்டாரா? டீ வாங்கிக் கொடுத்தார். "பிபி இருக்கறவங்களுக்குக் குறைங்க சார். இல்லாதவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றார். சாரும் நல்ல மனுஷன். டாக்டரை வரவழைத்து எல்லாரையும் பார்க்கச் சொன்னார். சமையலை ரெண்டாகப் பிரித்தார். குப்பம்மாள் கஞ்சியில் உப்பு விழுந்தது.

பாய் அத்தோடு விடவில்லை. "கதையக் குடுத்தவங்களே கதையப் பார்க்கலியே சார்" என்றார். படுக்கையில் இருப்பவர் எப்படி வருவார்? அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, இல்லத்துக்கு உள்ளேயே நாடகம் என்று முடிவாச்சு.

போன வாரம் கடை வாசலில் ஒத்திகை. பருப்பு நிறுத்துக்கொண்டே வசனம் சொல்லிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்தார். நாங்கள் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தோம். எங்கள் சிரிப்புதான் அவர் கடைசியாகக் கேட்டது. அது நல்லதா கெட்டதா, எனக்குச் சொல்லத் தெரியல.

இப்போது என்ன பேச்சு? "துக்கம் ஆறல, காமெடி நாடகமா?" என்கிறது எங்கள் குழுவில் பாதி. பிரபாகரன் சாரும் போன் போட்டு, "தள்ளி வெச்சுக்கலாமே மேஸ்திரி" என்றார். நான் நேற்று இல்லத்துக்குப் போயிருந்தேன். குப்பம்மாளுக்கு இப்போது கஞ்சியே சரியாக இறங்குவதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் போயிட்டாருன்னா நாடகமும் போயிடுச்சா?" என்று கேட்டார். பெரியோர்களே, நாம் தள்ளி வைக்கலாம். குப்பம்மாள் தள்ளி வைப்பாரா?

பாயின் மகன் அஸ்லம் மூலம் ஜெயினம்பு அக்காவிடம் கேட்டனுப்பினேன். பதில் வந்தது: "அவரு கடைக்கு லீவு விட்டிருக்காரு. ரிகர்சலுக்கு லீவு விட்டதில்ல. நீங்க எதுக்கு விடறீங்க?"

போதுமா? இதற்கு மேலும் யாராவது ஏதாவது சொல்லணுமா? ஞாயிற்றுக்கிழமை நாடகம் உண்டு! லத்தீப் பாய் வேஷம் நான் கட்டுகிறேன்! சிரிக்காதேம்மா கீதாஞ்சலி. எனக்கு என் வசனமே வராது, ஒத்துக்கறேன். ஆனால் அவர் வசனம் அத்தனையும் வரும். என் வசனத்தை மறந்து நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றது அவரைத்தானே!

அப்போ வார்டனுக்கு ஆள் வேணும். யார் வர்றீங்க? கொஞ்சம் தைரியமான ஆள்... யாரது கை? முன்னால நிக்கறவங்க மறைக்கறீங்க, உட்காருங்கப்பா. சார்! பிரபாகரன் சார்! நீங்களா? ரெண்டு நாள்ல வசனம் வந்துடுமா?

என்ன சொல்றாருன்னா... இருங்க, மைக்ல சொல்றேன். "வசனத்துக்கு ரெண்டு நாள் எதுக்கு மேஸ்திரி? வருஷக்கணக்கா நான் டெய்லி பேசினதுதானே!"

கைதட்டுங்கய்யா! இரங்கல் கூட்டம்தான், பரவாயில்லை, தட்டுங்க! சார், கடைசி சீன்ல வார்டனை ஸ்டோர் ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டுவோம், ஞாபகம் இருக்குது இல்ல? சரின்றார்! ஆனா ஒரு கண்டிஷன் போடறார். சாவியை குப்பம்மாள் கையில மட்டும் குடுத்துடக் கூடாதாம்!

எங்கள் சிரிப்பு நவாபே! உங்கள் கதையில் அந்தச் சாவி யாரிடம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இந்தச் சபை சாட்சியாக நாங்கள் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கட்டிலோடு குப்பம்மாளை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, சாவியை அவர் கையில்தான் கொடுப்போம். அவர் சிரித்து முடித்த பிறகுதான், சார், நீங்கள் வெளியே வரலாம்!