மூன்றாம் மேசைப் புத்தகம்

எனக்கு இடுப்பில் தேய்மானம் உண்டு. நாற்காலி அடுக்குகிற வேலை ஒத்துவராது. இந்த விவகாரமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பதை விழாக் குழுவினர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் குடியிருப்பின் புத்தகத் திருவிழாவில் எப்படியெல்லாம் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நீங்கள்தான். பழைய புத்தகம் தரலாம், பந்தல் போட உதவலாம், குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டலாம். கடைசியாக, மனிதப் புத்தகமாக உட்காரலாம் என்று போட்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டோக்கன் வாங்கி வந்த யாரோ ஒருவர். மணி அடிக்கும்வரை நான் என் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும். உட்கார்ந்தபடி செய்கிற வேலை என்பதால் பெயர் கொடுத்தேன். மூன்றாம் மேசை கிடைத்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். 'பார்வை கொடுத்தவன்' என்று எனக்குத் தலைப்பு வைத்துக்கொண்டேன். முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தன் கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது, இறுக்கித் தர முடியுமா என்று கேட்டார். இறுக்கிக் கொடுத்தேன். இன்னொருவர் கழிப்பறைக்கு வழி கேட்டார். பக்கத்து மேசையில் தீயணைப்புக்காரர். அவருக்கு வரிசை வாசல்வரை நின்றது. மனிதர் ஒரே தீயைத்தான் எல்லோருக்கும் அணைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடி கூடிவிட்டது. நான் ஈயோட்டிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் தலைப்பை மாற்றினேன். 'பெறாத மகள்'.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தையல்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் அத்தானுக்கும் பிள்ளையில்லை. கடையில் பட்டன் தைக்க வந்த ஒரு பெண், பிரசவமான கையோடு குழந்தையை அக்காவிடம் கொடுத்து, வெளியூரில் வேலை தேடிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனாள். அந்தக் குழந்தைதான் சிட்டு. அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு இது தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டும். சிட்டு என்னை வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்ச நாளாக அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவகிட்ட சொல்லிடணும்டா. ஆனா நான்தான் சொல்லணும். நீ பக்கத்துல இருந்தா போதும்." எப்படியும் சொல்லத்தான் போகிறாள் என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

ஆகவே அக்காவின் கதையை எடுத்துக்கொண்டேன். வேண்டிய அளவு மாற்றினேன். தையல்கடை கண்ணாடிக்கடையானது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. கதையில் ஆகியிருந்தது, மனைவி தங்கமானவள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. குழந்தை தவழ்கிற வயதில் தையல் மெஷின் மேல் மோதி மோவாய் கிழிந்துவிட்டது. மருத்துவர் அதைத் தைத்தபோது, பெறாமலேயே எனக்கு இப்படி வலிக்கிறதே என்று அக்கா விம்மியதை அப்படியே மனைவியின் வாயில் வைத்தேன். அந்த இடம் வந்தால் கேட்பவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நன்றாக ஓடுகிற இடத்தை யாராவது வெட்டுவார்களா?

வரிசை நீண்டது. தீயணைப்புக்காரரே தன் இடைவேளையில் வந்து கேட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். செயலாளர் அம்மா, நீங்களும் வந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நாள்வரை இதையே சொல்லுங்கள் என்றீர்கள். குறை சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

டோக்கன் கொடுத்த பிள்ளைகளில் சிட்டும் ஒருத்தி என்பது எனக்குத் தெரியும். கடைசி நாள் கூட்டம் குறைந்ததும் அவள் ஒரு டோக்கனைத் தனக்கே கிழித்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் பழைய 'பார்வை கொடுத்தவன்' கதையைத்தான் எடுத்தேன்.

"மாமா, அது வீட்டுலயே கேட்டு சலிச்சுப் போச்சு. எல்லாரும் அழுதுட்டே வெளிய வர்றாங்களே, அதச் சொல்லுங்க."

சலித்துப் போச்சு என்றால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். மேலும், ஆளைப் பார்த்துக் கதையை மாற்றக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதும் நீங்கள்தான். சொன்னேன். கதையில் மனைவி வந்ததும் சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குத் தெரியாமல் எப்போது கல்யாணம் என்றாள். மோவாய்த் தையல் வந்தபோது அவள் கை தானாகத் தன் மோவாய்த் தழும்புக்குப் போனது. சிரிப்பு நின்றது.

"இது அம்மாவோட கதையா மாமா?"

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாமே என்கிறீர்கள். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. ஆமாம் என்றேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். சிட்டு இப்போது தோழி வீட்டில் இருக்கிறாள். அக்கா போய் நின்றால் கதவைத் திறப்பதில்லை. அக்கா என் முகத்தில் விழிப்பதில்லை, கடையையும் திறப்பதில்லை. பெற்றவள் இல்லை என்பதற்காக ஒரு பெண் வளர்த்தவளை இப்படி வெறுப்பாளா, வேறு ஏதோ இருக்கிறது என்று நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். இருக்கிறது.

சிட்டுவைப் பெற்றவள் திரும்பி வந்தாள். குழந்தை அப்போது நடக்க ஆரம்பித்திருந்தது. அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டு, குழந்தை காய்ச்சலில் போய்விட்டது என்று சொன்னாள். நான் உள்ளறையில் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதுவிட்டுப் போனாள். இதை மட்டும் சிட்டுவிடம் சொல்வதாக அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. மேசைக்கு வந்த மற்றவர்களிடம் நானும் சொன்னதில்லை.

அன்று மேசையில் சிட்டு என் பதிலைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த டோக்கனைக் கீழே வைத்தாள். பிறகு, "பரவாயில்ல மாமா. வளத்தது அவங்கதானே. பாவம், இத எத்தன வருஷமா மனசுல வச்சிருந்தாங்களோ. நான் போயி அம்மாவக் கட்டிக்கறேன்" என்று எழுந்தாள்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. புதுத் தலைப்பு வைத்த பிறகு என் மேசையிலிருந்து யாரும் அழாமல் எழுந்து போனதில்லை.

"உக்காரு சிட்டு," என்றேன். "இன்னும் முடியல."