ஓநாயும் ஜரிகைக் கரையும்

வாலாஜாபாத் தாண்டியும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள், மடியில் நோட்டும் பகடையுமாக, ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஏதோ கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ட்ரூயிட் காட்டுச் சாமியார்டா. அவரு எந்த உலோகக் கவசமும் போடக் கூடாது. போட்டா மந்திரம் பலிக்காது," என்றான் நோட்டு வைத்திருந்தவன்.

"அவரு போட்டுக்கினு இருக்கறது பட்டுக் கவசம்பா. பத்து மடிப்பு."

"கரை இருக்குதா?"

"கரை இல்லாம பட்டா? ஜரிகைக் கரை. எங்கப்பா நெய்யற மாதிரி."

"ஜரிகையில வெள்ளி இருக்குது. அதுவும் உலோகம்தான். எதிர்ல ஓநாய் நிக்குது, மந்திரம் வராது, ஆளு காலி."

மற்றவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சாமியார் விளையாட்டில் அவன் மூன்று மாசமாக வளர்த்த ஆளாம்.

"சரி, ஒண்ணு பண்ணு. உங்கப்பா போடறது டூப்ளிகேட் ஜரிகை, வெறும் பிளாஸ்டிக்னு சொல்லிடு. உன் ஆளை விட்டுடறேன்."

முன் சீட்டில் கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, மடியிலிருந்த ஜவுளிக்கடைப் பையோடு திரும்பிப் பார்த்தார்.

"ஓநாய் கடிக்கட்டும்பா," என்றான் நெசவுக்காரர் மகன்.