ஐம்பத்திரண்டு வேகத்தில் எழுதிய சீடி

சண்டைக் காலத்தில் ஒருநாள், திருகோணமலை பஸ் நிலையத்தில் சோதனைக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற அம்மா, பக்கத்தில் நின்ற வீடியோக் கடைக்காரரிடம் சொன்னார்:

“தம்பி, நீங்கள் தந்த செத்தவீட்டுச் சீடியில என்ர மனிசன் சுடலைக்குப் போய்ச் சேரேல்லை. வீட்டு வாசல் படலையடியில படம் நிண்டு போச்சு.”

“கரண்ட் போகமுதல் முடிக்கவேணும் எண்டு ஐம்பத்திரண்டு மடங்கு வேகத்தில சீடியை எழுதினனான், அம்மா. அந்த வேகத்தில லேசர் வடிவாச் சுடாது. கடைசிப் பகுதிதான் பழுதாகும். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பவோ?”

“இல்லை, எனக்குத்தான். பொம்பிளையளைச் சுடலைக்கு விடமாட்டினம். மகன் கொள்ளி வைச்சதை நான் பார்க்கேல்லை.”

கடைக்காரர் சொன்னார்:

“முழுப் படமும் கடைக் கம்ப்யூட்டரில இருக்கு. எட்டு மடங்கு வேகத்தில மெதுவா, ஆறுதலா எழுதுறன். கடையில இருந்து முழுக்கப் பார்த்திட்டுக் கொண்டு போங்கோ, அம்மா.”