பிரேக்கில் வைத்த கால்

"நீர் எழும்பி நிண்டபடியால்தான் இண்டைக்குப் பஸ்ஸிலை போறம்."

கோப்பாயில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்; சொன்னவர் கணவர். சாவகச்சேரியில் ஒரு கலியாணமாம்.

"போதகர் படலைக்குள்ளை வாறார். நான் கார் சீற்றிலை குந்திக்கொண்டே இருக்கிறதே?"

"பிரேக்குக்குள்ளை நிண்ட காத்தை எடுக்க, நான் சில்லுக்குக் கீழை கிடந்து பிரேக் நட்டைத் திறந்தனான். திரும்பப் பூட்டுமட்டும் பெடலிலை இருந்து காலை எடுக்காதையும் எண்டெல்லே சொன்னனான்? நீர் எடுக்க, வெளியிலை போகவேண்டிய காத்து முழுக்க உள்ளுக்கை போயிட்டுது."

"முந்தியும் பெடல் பஞ்சு மாதிரித்தானே கிடந்தது?"

"முந்திப் பஞ்சாவது இருந்தது. இப்ப ஒண்டுமே இல்லை."

"பாவம் மனுசன். தன்னையும் கலியாணத்துக்குக் காரிலை கூட்டிக்கொண்டு போவியளோ எண்டு கேக்கத்தான் வந்தவர்."

"ஓம். நீர் எழும்பி மரியாதை குடுத்தீர். அவருக்குக் கார் இல்லாமல் போச்சு."

அடுத்த தரிப்பில், கழுத்தில் போதகர்கள் அணியும் வெள்ளைப் பட்டியோடு ஒருவர் கம்பியைப் பிடித்து ஏறினார். அந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்கோ ஐயா, இதிலை இருங்கோ."

கணவர் சாரதியின் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நல்லகாலம், இந்தப் பஸ்ஸின்ரை பிரேக்கிலை உம்மடை கால் இல்லை."